இராணுவத்தில் 21 வருடம் முடியப்போகிறது: பட்டப்படிப்பா, திறன் சான்றிதழா?

பி.எம்._கோப்ரல்

எல்லோருக்கும் வணக்கம். தரைப்படை வெர்க்‌ஷாப்பில் கோப்ரலாக இருக்கிறேன். டீசல் வண்டிகளும் ஜெனரேட்டரும்தான் வேலை. இப்போது கோலாலம்பூர் கேம்பில். குடும்பம் புக்கிட் மெர்தாஜாமில். 21 வருடச் சேவை முடிய இன்னும் 18 மாதம் இருக்கிறது. வெளியே வரும்போது வயது 39. பென்சன் வரும், ஆனால் பிள்ளைகள் இருவரும் இடைநிலைப்பள்ளியில் படிப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

கையில் இருப்பது பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் (மலாய் பாஸ்தான், அதற்கு மேலான கிரெடிட் தரம் இல்லை), படைக்குள் முடித்த மெக்கானிக் கோர்ஸ் சான்றிதழ்கள், கனரக வண்டி வரைக்கும் இராணுவ லைசன்ஸ்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வேலை அனுபவத்தை வைத்துப் படிப்பில் சேரும் ஏபெல் முறை வழியாக டிகிரி எடு என்கிறார் ஒருவர். செக்யூரிட்டி கம்பெனியில் உடனே மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். படையை விட்டு வெளியேறுபவர்களுக்குத் தொழில் பயிற்சி தரும் பெர்ஹெபாட் நிலையத்தின் பயிற்சிக்கு எந்தக் கோர்ஸ் எழுதிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. பினாங்குப் பக்கம் வேலை வேண்டும். எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திறன்_மதிப்பீடு

தம்பி, 18 மாதம் நல்ல அவகாசம். பலர் கடைசி மூன்று மாதத்தில்தான் ஓடுகிறார்கள். அப்போது தேவையான ஆதாரம் எல்லாம் கேம்புக்குள் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வேறு ஊருக்கு மாறியிருப்பார்.

படைக்குள் எடுத்த கோர்ஸ் சான்றிதழை வெளியில் இருக்கும் மனிதவள அதிகாரியால் எடைபோட முடியாது. அதில் உள்ள கோர்ஸ் எண்ணும் சுருக்கப் பெயரும் அவருக்கு ஒன்றும் சொல்லாது. அவருக்குப் புரிவது மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம். அந்தச் சான்றிதழை வகுப்பில் உட்காராமல் வாங்க ஒரு வழி இருக்கிறது: திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே நடத்தும் பிபிடி. ஏற்கெனவே செய்துவந்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் நிரூபித்துச் சான்றிதழ் பெறும் முறை அது. உங்களைப் போல நீண்ட காலம் பட்டறையில் கையைக் கறையாக்கியவர்களுக்குத்தான் இது மிகவும் பொருந்தும்.

முதலில் ஜேபிகே வெளியிடும் நோஸ் எனப்படும் தொழில்திறன் தர ஆவணங்களில் உங்கள் தொழிலுக்கு உரியதை எடுங்கள். டீசல், கனரக வாகனம் பக்கம் தேடுங்கள். நிலை 3ஐக் குறிவையுங்கள். ஆவணத்தில் திறன் அலகுகள் வரிசையாக இருக்கும். ஒரு தாளில் இடப்பக்கம் அந்த அலகுகளை எழுதி, வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் அடுத்த ஓராண்டுக்கு உங்கள் வேலைப்பட்டியல். எந்த மேலதிகாரி எந்த அலகுக்குச் சாட்சி சொல்லமுடியும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பிபிடிக்குக் கொடுக்கும் ஆதாரக் கோப்புகளில் பெரும்பாலானவை திரும்பி வருவது ஒரே காரணத்தால்: "பிரேக் வேலை செய்தேன்" என்று ஒற்றை வரியில் எழுதுவது. மதிப்பீட்டாளருக்கு அது போதாது. ஒரு காற்று பிரேக் வேலையை எடுத்துக்கொண்டால், முதலில் புகார் என்ன, டேங்கில் அழுத்தம் ஏற எவ்வளவு நேரம் எடுத்தது, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது அழுத்தம் இறங்கியதா, கசிவு வால்விலா டயாஃப்ரத்திலா, லைனிங் தடிமன் என்ன, ஸ்லாக் அட்ஜஸ்டரை எப்படி அளந்தீர்கள், மாற்றிய பாகம் எது, ஓட்டிப் பார்த்தபோது முடிவு என்ன. இந்த வரிசையில் ஒரு பக்கம் எழுதினால் நீங்கள் செய்தவர் என்று படித்த உடனே தெரியும். அலகுக்கு இரண்டு மூன்று வேலைகளை இப்படி எழுதுங்கள். நேர்முக மதிப்பீட்டில் கேள்வி இதிலிருந்துதான் வரும்.

மிக முக்கியமானது: கேம்புக்குள் வண்டி, ஆயுதம், பதிவு எண், பட்டறை அமைப்பு எதையும் படம் எடுத்துக் கோப்பில் வைக்காதீர்கள். வேலை உத்தரவுத் தாள்களை நகலெடுத்து வெளியே கொண்டுபோவதும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது. சான்றிதழுக்காக அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த பணிகளைப் பொதுச்சொற்களில் விவரிக்கும் உறுதிக் கடிதத்தைக் கட்டளை அதிகாரியிடம் கேளுங்கள். "6 டன் லாரி, டீசல் எஞ்சின், காற்று பிரேக், பழுது கண்டறிதல், ஓவர்ஹால், மூன்று பேர் குழுவுக்குப் பொறுப்பு" என்ற அளவில் போதும். வரைவை நீங்களே தயார்செய்து கொடுத்தால் சீக்கிரம் நடக்கும். படம் அவசியம் வேண்டிய அலகுகளுக்கு, மேலிட அனுமதி வாங்கி, விடுப்பில் வெளிப்பட்டறை ஒன்றில் சாதாரண லாரியில் அதே வேலையைச் செய்து எடுக்கலாம்.

நிலை 3 கிடைத்த பிறகு திறன் டிப்ளோமாவான டிகேஎம், அதற்கு மேல் உயர்நிலைத் திறன் டிப்ளோமாவான டிஎல்கேஎம். தகுதிக் கட்டமைப்பில் டிகேஎம் டிப்ளோமா நிலையில் இருக்கிறது. யுதெம், யுதிஎச்எம், யுனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைய அது ஒரு வாசல்.

பெர்ஹெபாட் விஷயத்தில் ஒரே வார்த்தை: அந்த நிலையம் இருக்கும் சுங்கை பூலோ போக வசதி, கோர்ஸ் சுலபம் என்பதற்காகச் சம்பந்தமில்லாத ஒன்றை எழுதிக் கொடுக்காதீர்கள். டீசல் மெக்கானிக் ரொட்டி சுடும் பயிற்சிக்குப் போய்விட்டு, வெளியே வந்து மறுபடியும் மெக்கானிக் வேலை தேடுவது வீண். கையில் உள்ள தொழிலுக்கு எது குறைகிறதோ அதைக் கேளுங்கள். உங்களுக்குக் குறைவது மின்சாரப் பக்கம் என்று நினைக்கிறேன்.

பிறை_டெக்னீஷியன்

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். வேலைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பினாங்கில் லாரிப் பட்டறைகளை மட்டும் பார்க்காதீர்கள். பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் தொழிற்சாலைகளில் "ஃபெசிலிட்டி" என்று ஒரு பிரிவு உண்டு: ஜெனரேட்டர், கம்ப்ரசர், சில்லர், பம்ப். மருத்துவமனை, பெரிய கட்டடம், டேட்டா சென்டர் எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான் வேண்டும். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் கொள்கலனை இழுக்கும் "பிரைம் மூவர்" வண்டியும் ரப்பர் டயர் கிரேனும் டீசல்தான். ஜெனரேட்டர் தெரிந்த டீசல்காரருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஆனால் படையிலிருந்து வருபவர்கள் நேர்காணலில் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் பக்கம் அத்துப்படி, மின்சாரக் கட்டுப்பாட்டு போர்டு பக்கம் தெரியாது. வழக்கமான கேள்வி: "மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் கட்டடத்துக்கு மின்சாரம் வரவில்லை. ஏன்?" எஞ்சினையே தோண்டிக்கொண்டிருந்தால் வேலை போய்விட்டது. முதலில் வோல்டேஜும் அதிர்வெண்ணும் எல்லைக்குள் இருக்கிறதா பார்க்க வேண்டும். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியில்லாமல் 1,420இல் ஓடினால் 47 ஹெர்ட்ஸ் சொச்சம்தான் வரும், கன்ட்ரோலர் லோடை ஏற்காது. சுற்று சரி, வோல்டேஜ் இல்லை என்றால் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் பக்கம் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பிரேக்கர் டிரிப் ஆகியிருக்கிறதா, மாற்றும் சுவிட்சு மெயின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டதா, செலக்டர் "மேனுவல்" நிலையில் விடப்பட்டதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் அடிக்கடி நடப்பது. சர்வீஸ் செய்தவர் ஆட்டோவுக்குத் திருப்ப மறந்துவிடுவார்.

அடுத்த கேள்வி, புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் வழிவது. வாராவாரம் லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் சிலிண்டர் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, அந்த மிச்சம்தான் புகைக்குழாயில் சேர்கிறது. 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓடும் எஞ்சினுக்கு இது வரும். செயற்கையாக லோடு கொடுக்கும் லோடு பேங்க் கருவி வைத்து அவ்வப்போது நல்ல லோடில் ஓட்ட வேண்டும் என்று சொன்னால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சட்டப்படி தேவைப்படும் ஆளாக இருப்பதுதான் பாதுகாப்பு. மின்சாரத்தில் அது, மின்நிறுவலுக்குப் பொறுப்பேற்கும் சார்ஜ்மேன். எரிசக்தி ஆணையம் தரும் தகுதி அது; அங்கீகரித்த நிலையத்தில் பயிற்சி, பிறகு தேர்வு. குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏ வகை, உயர் மின்னழுத்தத்துக்குப் பி வகை. மின்வேலை அனுபவத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள், எனவே ஜெனரேட்டர் போர்டில் செய்த வேலைகளை உறுதிக் கடிதத்தில் தனிப்பத்தியாக எழுத வையுங்கள். எஞ்சின் பத்தியோடு கலந்துவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

செக்யூரிட்டி 3,000 வெள்ளிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 8.17. மிகைநேரம் ஒன்றரை மடங்கு, 12.26. தினம் 12 மணி நேரம் நின்றால் நாளுக்கு 4 மணி மிகைநேரம், மாதம் 104 மணி. அது சுமார் 1,275 வெள்ளி. மொத்தம் 2,975. அதாவது "3,000 சம்பளம்" என்று சொல்வது குறைந்தபட்சச் சம்பளமும், சட்டம் அனுமதிக்கும் உச்ச மிகைநேரமான அந்த 104 மணியும்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இரவுப் பாடம் படிக்க நேரம் இருக்காது. எந்த வேலையாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

மாலைவகுப்பு

ஏபெல் பற்றி நிறையத் தவறான நம்பிக்கை உலவுகிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஏபெலில் வெவ்வேறு வகைகள் இருக்கின்றன. ஏபெல்-ஏ நுழைவுக்கு மட்டும். டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைக்கு 21 வயது, துறை சார்ந்த அனுபவம் வேண்டும். அனுபவக் கோப்பு ஒன்று, தகுதித் தேர்வு ஒன்று. தேர்வில் மொழி, கணக்கு, பொதுச் சிந்தனை எல்லாம் வரும். பள்ளியை விட்டு இருபது வருடம் ஆனவர்கள் சதவிகிதம், விகிதம், வரைபடம் படிப்பது ஆகியவற்றைத் திரும்பப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தேர்ச்சி பெற்றால் விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கிறது, அவ்வளவுதான். அது டிகிரியும் இல்லை, இடம் உறுதி என்பதும் இல்லை. விண்ணப்பித்த துறைக்கும் உங்கள் அனுபவத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். மெக்கானிக் போய்க் கணக்கியலுக்குக் கேட்டால் கோப்பு பலவீனமாகத்தான் நிற்கும்.

ஏபெல்-சி என்பது சேர்ந்த பிறகு. தெரிந்த பாடத்துக்குச் சவால் தேர்வு எழுதியோ கோப்பு கொடுத்தோ அந்தப் பாடத்தின் கிரெடிட் புள்ளிகளை வாங்கலாம். பொதுவாக மொத்தத்தில் 30 விழுக்காடு வரை. 120 கிரெடிட் டிகிரியில் அது 36. சேர்வதற்கு முன்பே எந்தெந்தப் பாடத்துக்கு ஏபெல்-சி உண்டு, பாடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பிரிவு வாயால் சொல்வதை நம்பிச் சேராதீர்கள்.

பினாங்கில் சுல்தான் அகமது ஷா சாலையில் இருக்கும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், யூஎஸ்எம் தொலைநிலைக் கல்வியும் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஏற்றவை. கோலாலம்பூரில் இருக்கும்போதே தொடங்க வேண்டுமானால் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்பின் பெயர் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் எண்ணம் இருந்தால் 45 வயது வரம்பை நினைவில் வையுங்கள். 39இல் தொடங்கினால் பிரச்சினை இல்லை, பிள்ளைகள் முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும்.

உங்கள் நிலையில் நான் டிகிரியை முதல் வருடத்தில் எடுக்கச் சொல்ல மாட்டேன். எஸ்கேஎம் 3, பிறகு சார்ஜ்மேன், வேலையில் நிலைத்ததும் டிப்ளோமா. மேற்பார்வையாளர் பதவிக்கு மனு போடும்போதுதான் டிகிரி உதவும், அதற்கு முன் இல்லை.

ஒன்று மட்டும் இப்போதே செய்ய வேண்டும்: எஸ்பிஎம் மலாய்ப் பாடத்தைத் தனியார் தேர்வாளராக மறுபடி எழுதுங்கள். அரசாங்க வேலை பலவற்றுக்கு மலாய் கிரெடிட் கேட்கிறார்கள். 21 வருடம் மலாயில் அறிக்கை எழுதியவருக்கு மொழி தடையில்லை, தேர்வின் வடிவம்தான் புதிது. கட்டுரைக்கும் சுருக்கி எழுதுவதற்கும் பழைய வினாத்தாள்களை நேரம் பிடித்து எழுதிப் பழகுங்கள்.

பி.எம்._கோப்ரல்

மிக்க நன்றி அண்ணே, எல்லோருக்கும். உறுதிக் கடிதம், மலாய்ப் பாடம் இரண்டையும் இந்த மாதமே தொடங்குகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். இராணுவச் சேமநிதியான எல்டிஏடி பணம் மொத்தமாக வரும்போது ஒரு லாரி வாங்கி ஓட்டலாம் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். இராணுவ லைசன்ஸ் வெளியே செல்லுமா?

கணக்கு_அக்கா

முதலில் எவ்வளவு வரும் என்று சரியாகக் கணக்குப் போடுங்கள் தம்பி. சிப்பாய்களுக்கு மாதச் சம்பளத்தில் 10 விழுக்காடு உங்கள் பங்கு, 15 விழுக்காடு அரசாங்கப் பங்கு. பென்சனோடு வெளியேறுபவருக்கு உங்கள் பங்கும் அதன் இலாப ஈவும்தான் கைக்கு வரும்; அரசாங்கப் பங்கு பென்சனுக்காக அரசாங்கத்திடமே போய்விடும். பென்சன் இல்லாமல் முன்னதாக வெளியேறுபவருக்கு இரண்டும் கிடைக்கும். அதனால் முன்னதாக விலகிய நண்பர் வாங்கிய தொகையை வைத்து உங்கள் தொகையை மதிப்பிடாதீர்கள். வீட்டுக்காக இடையில் எடுத்திருந்தால் அதையும் கழியுங்கள். அறிக்கையை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

லாரிக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வண்டியை ரிப்பேர் செய்யத் தெரிவது வேறு, சரக்கு பிடிப்பது வேறு. பெர்மிட், காப்புறுதி, டயர், சாலை வரி எல்லாம் வண்டி நின்றாலும் ஓடும். சரக்கு அனுப்புபவர் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார், டீசலுக்கு இன்றே காசு வேண்டும். நிரந்தர ஒப்பந்தம் கையில் இல்லாமல் வண்டி வாங்கியவர்கள் வண்டியோடு சேர்த்துப் பென்சனையும் கரைக்கிறார்கள்.

வெளியேறும் நாள் நெருங்கும்போது முதலீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள், அதிலும் பழைய பட்டாளத்து நண்பர் வழியாகவே வருவார்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குப்பத்திர ஆணையத்தின் பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பென்சன் ஆவணங்களை முன்னாள் படைவீரர் விவகாரத் துறையான ஜேஎச்இவிக்குக் கொடுக்கும்போது திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி: ஒன்றில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் முதலெழுத்து, மனைவியின் பெயரில் ஓர் எழுத்துக் கூடுதல். பின்னாளில் மனைவிக்குப் பென்சன் மாறும்போது அது பெரிய சிக்கலாகும். திருத்த வேண்டியதைப் பதிவிலாகாவில் இப்போதே திருத்துங்கள். கடைசிச் சம்பளத்துக்கும் முதல் பென்சனுக்கும் இடையில் தாமதம் வந்தால் தாங்க, மூன்று மாதச் செலவைத் தனியாக வைத்திருங்கள்.

செத்தாபாக்_டிரைவர்

லைசன்ஸ் கேள்விக்கு: இராணுவ லைசன்ஸை வைத்துக்கொண்டு வெளியே வேலைக்கு ஓட்ட முடியாது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் சாதாரண லைசன்ஸாக மாற்றிக்கொள்ள முறை இருக்கிறது. சேவையில் இருக்கும்போதே மாற்றுங்கள், ஏனென்றால் படைப்பிரிவின் உறுதிக் கடிதம் வேண்டும். வெளியே வந்தபின் அதற்காக அலைய வேண்டியிருக்கும். லைசன்ஸில் உள்ள வகுப்புகள் எல்லாம் மாறிய அட்டையில் வந்திருக்கின்றனவா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள். கனரக வகுப்பு விடுபட்டால் மறுபடி வரிசைதான்.

மாற்றிய பிறகும் சரக்கு லாரி ஓட்ட ஜிடிஎல் என்ற சரக்கு வாகன லைசன்ஸ் தனியாக வேண்டும், பஸ்ஸுக்குப் பிஎஸ்வி என்ற பொதுப் பயணி வாகன லைசன்ஸ். நீங்கள் மெக்கானிக்காகப் போனாலும் ஜிடிஎல் எடுத்து வையுங்கள். பழுது பார்த்த லாரியைச் சாலையில் ஓட்டிச் சோதிக்க உரிமை உள்ள மெக்கானிக் கிடைத்தால் பட்டறை முதலாளிக்குத் தனி டிரைவர் தேவையில்லை, அதைச் சொல்லிச் சம்பளம் பேசலாம்.

வேலைக்கு மனு போடச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்திலும் பதியுங்கள். சுயவிவரத்தில் "கோப்ரல்" என்று மட்டும் போடாமல், எத்தனை பேருக்குப் பொறுப்பு, எத்தனை வண்டி, மாதம் எத்தனை சர்வீஸ் என்று எண்ணாக எழுதுங்கள். படைப்பிரிவின் பெயர், இடம், கருவிகளின் எண்ணிக்கை போன்றவை வேண்டாம். சேவை முடிய ஆறு மாதம் இருக்கும்போது மனு அனுப்பத் தொடங்கினால் சரியாக இருக்கும். எந்தத் தேதியில் வேலைக்குச் சேர முடியும் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் உடனே வரக்கூடியவர் என்று நினைத்து அழைத்துவிட்டு, தேதி தெரிந்ததும் ஒதுக்கிவிடுவார்கள்.